எம்.எஸ். வருத்தமும் எல்லோருக்கும் இருக்கும் ஒரு வைரசும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் மருத்துவ ஆய்வுகூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். இரத்தம் குடுக்க வருபவர்கள், ரிப்போர்ட் எடுக்க வருபவர்கள், கனடாவிலிருந்து வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பும் சொந்தக்காரர் என்று பலரும் சில வருடங்களாக ஒரே விஷயத்தைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்கிறார்கள்: எம்.எஸ். ஒரு வைரசால் வருகிறதாமே, உண்மையோ? 2022-இல் வந்த இரண்டு ஆய்வுகளும், அவற்றைப் பற்றி யூரியூப்பில் ஓடிய வீடியோக்களும்தான் இதற்குக் காரணம். கேட்டவர்களின் வாய்ப்பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறேன். உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்களைப் பார்க்கும் டொக்டர்தான் சொல்ல வேண்டும். இங்கே உள்ளது பொதுவான விளக்கம்.

தம்பி, எம்.எஸ். எண்டால் என்ன வருத்தம்? பாரிசவாதம் மாதிரியோ?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பதைத்தான் சுருக்கி எம்.எஸ். என்கிறார்கள். மூளை, முண்ணாண், கண் நரம்பு ஆகியவற்றில் ஓடும் நரம்பிழைகளைச் சுற்றி மயலின் என்ற கொழுப்பு உறை இருக்கிறது. கிருமியோடு சண்டை பிடிக்க வேண்டிய நோயெதிர்ப்புக் கலங்கள் அந்த உறையைத் தாக்கத் தொடங்கினால், இழைகளில் செய்தி போவது மந்தமாகும், சில இடத்தில் நின்றே போகும். அடிபட்ட இடங்கள் பிறகு தழும்பாகி இறுகும். 1868-இல் பாரிசில் ஷார்கோ என்ற மருத்துவர்தான் இதைத் தனி நோயாக விளக்கினார்.

பாரிசவாதம் வேறு. அது இரத்தக்குழாய் அடைத்தோ வெடித்தோ சடுதியாக வருவது, பெரும்பாலும் வயது போனவர்களுக்கு. எம்.எஸ். தொடங்குவது பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள். பெண்களுக்கு ஆண்களைவிட இரண்டு, மூன்று மடங்கு அதிகம். ஒரு கண் மங்கும், அல்லது ஒரு கால் விறைக்கும், நடை தள்ளாடும், சலத்தை அடக்க ஏலாமல் போகும், சொல்ல முடியாத களைப்பு இருக்கும். சில நாட்களில் கூடி, சில கிழமைகள் நின்று, பிறகு தணியும். மாதங்களோ வருடங்களோ கழித்து வேறோர் இடத்தில் தலைகாட்டும். தணியாமல் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் வகையும் உண்டு. 2020-இல் எடுத்த கணக்கின்படி உலகம் முழுவதும் ஏறத்தாழ 28 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது.

அந்த வைரசு புதுசோ? கொரோனா மாதிரி எங்கையோ இருந்து வந்ததோ?

மிகப் பழையது. பெயர் எப்ஸ்டீன்-பார் வைரசு, சுருக்கமாக இ.பி.வி. கொப்பளிப்பான் தரும் வைரசு இருக்கும் ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு. ஒருமுறை உடம்புக்குள் வந்தால் திரும்பிப் போகாது, எங்காவது ஒளிந்து கிடக்கும். இ.பி.வி. ஒளிந்திருப்பது பி கலங்கள் என்ற வெள்ளை இரத்தக் கலங்களில். இந்த விவரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இரண்டு மூன்று இடத்தில் தேவைப்படும்.

கண்டுபிடித்த கதை சுவையானது. உகண்டாவில் பிள்ளைகளின் தாடையில் வரும் ஒருவகைப் புற்றுநோயைப் பற்றி டெனிஸ் பேர்கிட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 1961-இல் லண்டனில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த அன்ரனி எப்ஸ்டீன், இதற்குப் பின்னால் ஒரு வைரசு இருக்கும் என்று சந்தேகித்து, அந்தக் கட்டிகளின் துண்டுகளை உகண்டாவிலிருந்து விமானத்தில் எடுப்பித்தார். 1963 டிசம்பரில் வந்த ஒரு பொதி பனிமூட்டத்தால் மான்செஸ்ரருக்குப் போய்ப் பிந்தித்தான் கைக்கு வந்தது. கலங்கிக் கிடந்த அந்தத் திரவத்தைப் பழுதாகிவிட்டது என்று ஊற்றிவிடாமல் பார்த்தபோது, உள்ளே கட்டியின் கலங்கள் உயிரோடு மிதந்தன. அவற்றை வளர்த்து, 1964-இல் எப்ஸ்டீன், பெர்ட் அச்சோங், இவோன் பார் மூவரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைரசைக் கண்டார்கள். மூவரில் அச்சோங்கின் பெயர் மட்டும் வைரசின் பெயரில் சேரவில்லை.

அப்ப எனக்கும் அது இருக்குமோ?

இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் வளர்ந்தவர்களில் 100-க்கு 90 பேருக்கு மேல் இது தொற்றியிருக்கிறது. பரவுவது துப்பலால். அம்மம்மா ஒரே சட்டியில் குழையல் குழைத்து வீட்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்த ஊர் இது. ஒருவர் கடித்த மாங்காயை மற்றவர் கடித்து வளர்ந்திருக்கிறோம். இப்படி வளரும் இடங்களில் பெரும்பாலானோருக்குச் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். அந்த வயதில் ஒரு தடிமன் காய்ச்சல் போல வந்து போகும், அல்லது வந்ததே தெரியாது.

எல்லாரிட்டையும் இருக்கிற ஒண்டை எப்பிடிப் பிடிச்சு இதுதான் காரணம் எண்டு சொன்னவை?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. பல பத்தாண்டுகளாக ஆய்வாளர்களும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டு நின்றார்கள். எம்.எஸ். நோயாளிகளைப் பரிசோதித்தால் அநேகமாக எல்லோருக்கும் இ.பி.வி. இருந்தது. நோயில்லாதவர்களைப் பார்த்தால் அவர்களிலும் 90 சதவீதத்துக்கு மேல் இருந்தது. இதில் எதைக் கண்டுபிடிப்பது? வைரசு தொற்றாத மிகச் சிலரைத் தேடிப்பிடித்து, அவர்களுக்குத் தொற்றும் வரை காத்திருந்து, பிறகு யாருக்கு நோய் வருகிறது என்று வருடக்கணக்கில் பார்க்க வேண்டும். எம்.எஸ். அரிய நோய் என்பதால் அதற்கு இலட்சக்கணக்கான ஆட்கள் வேண்டும்.

அந்த வாய்ப்பு அமெரிக்க இராணுவத்தில் இருந்தது. படையில் இருப்பவர்களுக்கு எச்.ஐ.வி. பரிசோதனைக்காகக் குறித்த காலத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுக்கிறார்கள். மிஞ்சும் சீரத்தை (இரத்தத்தின் தெளிந்த நீரை) எறியாமல் குளிரில் பாதுகாத்து வந்திருக்கிறார்கள். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் அல்பேர்ட்டோ அஸ்கேரியோ, ஷெற்றில் பியோர்னெவிக் குழுவினர் 1993 முதல் 2013 வரை படையில் இருந்த ஒரு கோடிக்கும் அதிகமானோரின் பதிவுகளைப் பார்த்தார்கள். எம்.எஸ். வந்தவர்களில் போதிய இரத்த மாதிரி இருந்தது 801 பேருக்கு. அவர்களில் 35 பேருக்கு முதல் மாதிரியில் இ.பி.வி. இல்லை. அந்த 35 பேரில் 34 பேருக்கு நோய் தொடங்க முதலே வைரசு தொற்றிவிட்டது. மிச்சம் ஒரேயொருவர். அவருக்குக் கடைசி மாதிரி எடுத்த பிறகு தொற்றியிருக்கலாம், நோய் நிர்ணயமே பிழைத்துமிருக்கலாம்.

கணக்குப் பார்த்தால், இ.பி.வி. தொற்றிய பிறகு எம்.எஸ். வரும் ஆபத்து 32 மடங்காகக் கூடியது. புகைத்தலால் கூடும் ஆபத்து இதற்குக் கிட்டவும் வராது. அதே துப்பலால் பரவும் சைற்றோமெகலோ வைரசையும் அவர்கள் சோதித்தார்கள். அதற்கு இப்படி எந்தத் தொடர்பும் இல்லை. நரம்பு சேதப்படும்போது இரத்தத்தில் கசியும் ஒரு புரதத்தையும் அளந்தார்கள். பிறகு எம்.எஸ். வந்தவர்களில் அது கூடத் தொடங்கியது இ.பி.வி. தொற்றிய பிறகுதான், முதல் அல்ல. நோய்தான் ஆளைப் பலவீனமாக்கி வைரசை உள்ளே விட்டது என்று திருப்பி வாதிட இருந்த வழியை இது அடைத்துவிட்டது. 2022 ஜனவரியில் 'சயன்ஸ்' இதழில் வந்த இந்த ஆய்வுக்குப் பிறகு, தொடர்பு இருக்கிறதா என்று கேட்பவர்கள் குறைந்து, எப்படி நடக்கிறது என்று கேட்பவர்கள் கூடிவிட்டார்கள்.

ஐயா, நான் உயர்தரத்தில உயிரியல் படிக்கிறன். நூறுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல இருக்குது, வருத்தம் ஆயிரத்தில ஒராளுக்கும் இல்லை. பிறகெப்பிடி இது காரணமாகும்?

நல்ல பிடி. ஒரு விளைவுக்கு ஒன்று கட்டாயம் வேண்டும் என்பது வேறு, அது மட்டுமே போதும் என்பது வேறு. போலியோ வைரசு தொற்றிய 200 பேரில் ஒருவருக்குத்தான் நிரந்தரமாகக் கால் வழங்காமல் போகும். மற்றவர்களில் பெரும்பாலானோருக்குத் தொற்றியதே தெரியாது. அதற்காகப் போலியோ வைரசு காரணமில்லை என்று யாரும் சொல்வதில்லை. அந்த வைரசைத் தடுத்தபோது இலங்கையில் போலியோ இல்லாமலே போனது, கடைசி நோயாளி 1993-இல். இ.பி.வி. இன்னும் அரிதாகவே இந்த வேலையைச் செய்கிறது.

வைரசோடு வேறென்ன சேர வேண்டும் என்பதில் சில தெரியும். எச்.எல்.ஏ. என்ற மரபணுக் குடும்பத்தில் டிஆர்பி1*15:01 என்ற வகை உள்ளவர்களுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு. புகைத்தல், பதின்ம வயதில் அதிக உடற்பருமன், வெயில் படாமையும் வைட்டமின் டி குறைவும், வைரசு தொற்றும் வயது ஆகியவையும் உண்டு. ஒரே மரபணுக்களோடு பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு எம்.எஸ். இருந்தால் மற்றவருக்கும் வருவது நான்கில் ஒரு பங்கு அளவில்தான். ஆக, மரபணு மட்டும் என்றும் சொல்ல முடியாது. இந்தப் பட்டியலில் உங்கள் கையில் இருப்பது புகைத்தலும் உடல் நிறையும். வைரசைப் பற்றிக் கவலைப்படும் நேரத்தில் சிகரெட்டை விட்டால் பலன் உண்டு.

வைரசு மூளைக்குள்ள போய் என்னதான் செய்யுது? நரம்பைத் தின்னுதோ?

தின்பதில்லை. 2022 ஜனவரியிலேயே 'நேச்சர்' இதழில் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகக் குழு ஒன்று இதற்கு ஒரு விடை தந்தது. இ.பி.வி.-யின் எப்னா1 என்ற புரதத்தில் ஒரு சிறு பகுதி, நம் மூளையில் உள்ள கிளியல்காம் என்ற புரதத்தின் ஒரு பகுதியை ஒத்திருக்கிறது. வைரசில் ஒட்டி அதைத் தடுக்க உடம்பு உண்டாக்கும் புரதமான பிறபொருளெதிரி ஆள் மாறி அதிலும் போய் ஒட்டுகிறது. முகச்சாயல் ஒத்திருந்த பாவத்துக்குச் சோதனைச்சாவடியில் மறித்து வைக்கப்பட்டவர்களின் கதை இங்கே பல வீட்டில் உண்டு; கிட்டத்தட்ட அதுதான் நடக்கிறது.

ஆனால் இந்தவகைப் பிறபொருளெதிரி எம்.எஸ். நோயாளிகளில் நான்கில் ஒரு பங்குக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்கு வேறு வழி இருக்க வேண்டும். வைரசு குடியிருக்கும் பி கலங்கள் கட்டுப்பாடு மீறி மூளைக்குள் போய்ப் பிரச்சினை கிளப்புகின்றன என்பது ஒரு கருத்து. அந்தக் கலங்களை அழிக்க வேண்டிய ரி கலங்கள் சோர்ந்துவிடுகின்றன என்பது இன்னொன்று. இது இன்னும் முடியாத வழக்கு. யூரியூப்பில் யாராவது எல்லாம் கண்டுபிடித்தாயிற்று என்று சொன்னால் நம்ப வேண்டாம்.

ரிப்போர்ட்டில இ.பி.வி. பொசிட்டிவ் எண்டு போட்டிருக்கு. நித்திரையே இல்லை. எனக்கு எம்.எஸ். வருமோ?

எங்கள் மேசைக்கு அடிக்கடி வரும் கேள்வி. ஐஜிஜி, ஐஜிஎம் இரண்டும் பிறபொருளெதிரி வகைகள். ரிப்போர்ட்டில் ஐஜிஜி பொசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்று இருந்தால், எப்போதோ ஒருநாள் வைரசு தொற்றி அடங்கிவிட்டது என்று அர்த்தம். வளர்ந்தவர்களில் 10 பேரைப் பிடித்துச் சோதித்தால் 9 பேருக்காவது இதே ரிப்போர்ட்தான் வரும், எனக்கும்தான். ஐஜிஎம் பொசிட்டிவ் என்றால் அண்மையில் தொற்றியிருக்கலாம். அதையும் மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், தனியே வைத்து முடிவு சொல்லக் கூடாது.

நோய்க்குறி எதுவுமில்லாத ஒருவர் பயத்தில் இந்தப் பரிசோதனையைச் செய்ய வேண்டிய தேவையே இல்லை. காசு கொடுத்து நித்திரையைத் தொலைப்பதுதான் மிச்சம். ஆய்வுகூடத்தில் வேலை செய்துகொண்டு இதைச் சொல்வது முதலாளிக்குப் பிடிக்காது என்றாலும் உண்மை அதுதான்.

ரொறன்ரோவில பேத்திக்கு மொனோவாம். மூண்டு கிழமையாப் படுக்கையில கிடக்கிறாள். இதுவும் அந்த வைரசுதானே?

ஆம், அநேகமாக அதே வைரசுதான். சின்னனில் தொற்றாமல் பதின்ம வயதில் முதல்முறை தொற்றும்போது பலருக்குக் கடும் தொண்டைநோ, காய்ச்சல், கழுத்தில் நெறி கட்டுதல், கிழமைக்கணக்கான களைப்பு என்று வரும். இதைத்தான் அங்கே மொனோ என்கிறார்கள். முத்தக் காய்ச்சல் என்று இளசுகள் பகிடி பண்ணுவதும் இதைத்தான். இரண்டு விஷயத்தைப் பேத்திக்குச் சொல்லுங்கள். மண்ணீரல் வீங்கியிருக்கக்கூடும், ஆகவே டொக்டர் சொல்லும்வரை ஒரு மாத அளவுக்கு முட்டி மோதி விளையாடக் கூடாது. மற்றது, தொண்டைநோ என்று வீட்டில் கிடக்கும் அமொக்சிசிலினை எடுத்துப் போடக் கூடாது. வைரசுக்கு அது வேலை செய்யாது, மொனோ உள்ளவர்களுக்கு அதனால் உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு வரக்கூடும்.

மொனோ வந்தவர்களுக்கு எம்.எஸ். ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மடங்கு அளவில் கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மிகச் சிறிய ஓர் எண்ணின் இரண்டு மடங்கும் சிறிய எண்தான். மொனோ வந்த மிகப் பெரும்பாலானோருக்கு எம்.எஸ். வருவதில்லை. பேத்திக்கு இப்போது வேண்டியது ஓய்வும் தண்ணியும். அம்மம்மாவின் பயம் வாட்ஸ்அப்பில் போக வேண்டியதில்லை.

எங்கட சனத்துக்கு முந்தி இப்பிடி ஒரு வருத்தம் இருந்ததே தெரியாது. வெளிநாட்டில பிறந்த பிள்ளையளுக்கு ஏன் வருது?

முதலில், இங்கே இல்லவே இல்லை என்று நினைக்க வேண்டாம். முந்தி எம்.ஆர்.ஐ. ஸ்கான் இல்லாத காலத்தில் வாதம், நரம்புத் தளர்ச்சி, செய்வினை என்று பெயர் வைக்கப்பட்டவர்களில் சிலருக்கு இது இருந்திருக்கும். ஆனாலும் குறைவு என்பது உண்மை. நிலநடுக்கோட்டுக்குக் கிட்டிய நாடுகளில் எம்.எஸ். குறைவு, வடக்கே போகப் போகக் கூடும். யாழ்ப்பாணம் இருப்பது வடஅகலக்கோடு 10 பாகைக்கும் கீழே. நம் ஆட்கள் குடியேறிய கனடா, பிரித்தானியா, நோர்வே எல்லாம் இந்த நோய் அதிகமுள்ள நாடுகள்.

குடிபெயர்ந்தவர்களைப் பற்றிய ஆய்வுகள் இதில் நிறையச் சொல்லித் தந்தன. நோய் குறைந்த நாட்டிலிருந்து நோய் கூடிய நாட்டுக்கு வளர்ந்த பிறகு போனவர்கள் பெரும்பாலும் பழைய ஊரின் குறைந்த ஆபத்தையே கொண்டுபோகிறார்கள். சின்ன வயதில் போனவர்களும் அங்கேயே பிறந்தவர்களும் புதிய ஊரின் ஆபத்தைப் பெறுகிறார்கள். இந்தியத் துணைக்கண்டம், ஆபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து இங்கிலாந்து போனவர்களின் பிள்ளைகளை 1990-இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. அங்கே பிறந்த அந்தப் பிள்ளைகளுக்கு நோய் வரும் அளவு வெள்ளைக்காரப் பிள்ளைகளின் அளவை நெருங்கியிருந்தது. இரத்தம் அதேதான், ஒரு தலைமுறைக்குள் மாறியது சூழல்.

சூழலில் எது என்று கேட்டால், என் கணிப்பில் இரண்டு சேர்ந்து. ஒன்று வெயில். மற்றது, வைரசு தொற்றும் வயது. இங்கே குழையல் வயதில் சத்தமில்லாமல் வருவது, தனித்தனிக் கோப்பை, தனித்தனி அறை என்று வளரும் இடத்தில் பதினேழு வயதில் மொனோவாக வருகிறது. யாழ்ப்பாணத்திலும் வீடுகள் அப்படி மாறிக்கொண்டு வருகின்றன. வெயிலில் விளையாடும் பிள்ளைகளும் குறைவு. அடுத்த தலைமுறையில் இங்கே என்ன நடக்கும் என்பதை யாராவது இப்போதிருந்தே கணக்கெடுக்க வேண்டும்.

அப்பிடியெண்டால் பிள்ளைக்குச் சின்னனிலேயே தொற்றட்டும் எண்டு விடுறதுதானே நல்லது?

வேண்டுமென்று தொற்றவைக்க வேண்டாம். துப்பலால் போவது இ.பி.வி. மட்டுமல்ல, வேறு கிருமிகளும் போகும். இ.பி.வி.-யும் அப்பாவி இல்லை. மலேரியா மிகுந்த ஆபிரிக்க நாடுகளில் சின்ன வயதில் தொற்றும் இதே வைரசுதான் மேலே சொன்ன தாடைக் கட்டிக்கும், தென்சீனாவில் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கும் துணைபோகிறது. நீங்கள் எதையும் செய்யாமலே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது வந்துதான் போகும். பிள்ளையைத் தடுத்துப் பொத்தி வைக்கவும் வேண்டாம், தள்ளிவிடவும் வேண்டாம்.

எம்.எஸ். இருக்கிற பொம்பிளைப் பிள்ளையைக் கலியாணம் கட்டலாமோ? ஒட்டுமோ? பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ?

ஒட்டாது. எம்.எஸ். தொற்றுநோய் அல்ல. வைரசு ஒட்டக்கூடியதுதான், ஆனால் அது உங்களிடம் முதலே இருக்கிறது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே படுக்கையில் படுக்கலாம், முத்தம் கொடுக்கலாம்.

தாய்க்கோ தகப்பனுக்கோ எம்.எஸ். இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு 100-க்கு 2 அளவில். பொதுச்சனத்தைவிடக் கூட, ஆனால் 98 பிள்ளைகளுக்கு வராது. கர்ப்ப காலத்தில், அதிலும் கடைசி மூன்று மாதத்தில், நோய் திரும்ப எழும்புவது நன்றாகக் குறைகிறது. பிள்ளை பிறந்த அடுத்த சில மாதத்தில் திரும்பக் கூடலாம். சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, எனவே பிள்ளைக்குத் திட்டமிடும்போதே நரம்பியல் டொக்டரோடு பேச வேண்டும். கலியாணம் பேசும் இடத்தில் இதை மறைக்கச் சொல்லிப் பெண்ணுக்குப் புத்தி சொல்லும் மாமிமார் இருக்கிறார்கள். மறைத்தால் மருந்தையும் மறைத்து எடுக்க வேண்டிவரும், பிறகு எடுக்காமல் விட வேண்டிவரும். அதில்தான் உண்மையான ஆபத்து.

வைரசுதான் காரணமெண்டால் வைரசுக்கு மருந்து குடுத்துச் சுகமாக்கலாமே?

நியாயமான கேள்வி. முயன்றும் பார்த்திருக்கிறார்கள். ஹெர்பிஸ் குடும்பத்துக்குக் கொடுக்கும் அசைக்ளோவிரை 1990-களில் சுவீடனில் ஒரு சிறு குழுவில் சோதித்தார்கள். உறுதியான பலன் கிடைக்கவில்லை. அந்த மருந்து வேலை செய்வது வைரசு பெருகும்போதுதான், பி கலத்துக்குள் சும்மா படுத்திருக்கும் வைரசை அது தொடுவதில்லை. இ.பி.வி. தொற்றிய கலங்களையே தேடிக் கொல்லும் ரி கலச் சிகிச்சை ஒன்றிலும் பெரிய நம்பிக்கை வைத்தார்கள். 2023 நவம்பரில் அதன் சோதனை முடிவு ஏமாற்றமாகத்தான் வந்தது.

மறுபக்கம், வைரசை நினைக்காமல் கண்டுபிடித்த ஒரு வழி நன்றாக வேலை செய்கிறது. ரிற்றுக்சிமாப், ஒக்ரெலிசுமாப் போன்ற மருந்துகள் பி கலங்களைக் குறைக்கின்றன. எம்.எஸ். திரும்பத் திரும்ப எழும்புவது அதனால் வெகுவாகக் குறைகிறது. வைரசின் வீட்டை இடிப்பதால்தான் இந்தப் பலனா என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது. ரிற்றுக்சிமாப் புற்றுநோய்க்காக வந்த பழைய மருந்து, புதியவற்றைவிட மலிவு. 2023-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் எம்.எஸ்.-க்கான மருந்தாக அதைச் சேர்த்தது. எங்களைப் போன்ற நாடுகளுக்கு இது பெரிய விஷயம். நோய் சடுதியாக எழும்பும்போது சில நாட்களுக்கு நாளம் வழியே ஏற்றும் ஸ்ரீரொயிட் தனி. அது அந்த எழுச்சியைக் கெதியாகத் தணிக்கும், அடுத்ததைத் தடுக்காது.

யூரியூப்பில ஒரு சாறு சொல்லுகினம். வைரசை உடம்பில இருந்து கழுவிப் போடுமாம்?

கழுவாது. உடம்பிலிருந்து இ.பி.வி.-யை வெளியேற்றும் மருந்தோ சாறோ கசாயமோ எதுவும் இல்லை. விரும்பினால் குடியுங்கள், ஆனால் டொக்டர் தந்த மருந்தை அதற்காக நிறுத்த வேண்டாம்.

தடுப்பூசி எப்ப வரும்?

திகதி சொல்ல ஏலாது. பெல்ஜியத்தில் 181 இளைஞர்களிடம் சோதித்த ஓர் ஊசியின் முடிவு 2007-இல் வந்தது. மொனோ வருவதை 78 சதவீதம் குறைத்தது, வைரசு தொற்றுவதைத் தடுக்கவில்லை. 2022-இலிருந்து அமெரிக்காவில் புதிய ஊசிகள் மனிதரில் சோதிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று கொரோனா ஊசியால் பெயர்பெற்ற மொடேர்னாவின் எம்.ஆர்.என்.ஏ. வகை. எம்.எஸ்.-ஐத் தடுக்கிறதா என்று பார்க்க, ஊசி போட்ட பிறகும் நீண்ட காலம் காத்திருக்க வேண்டும். வைரசு தொற்றி நோய் தலைகாட்டவே பல வருடம் எடுப்பதுதான் காரணம். ஏற்கெனவே தொற்றிய உங்களுக்கும் எனக்கும் இந்த ஊசிகளால் பெரிய பயன் இராது.

காண்டாவன வெயிலுக்கை போயிட்டு வந்தால் கால் இழுக்குது, கண் மங்குது. வைரசு திரும்ப எழும்புதோ?

எம்.எஸ். உள்ள ஒரு அக்கா கேட்டது. அநேகமாக இல்லை. உறை சேதமான நரம்பு, உடம்புச் சூடு சற்றுக் கூடினாலே செய்தி கடத்தத் தடுமாறும். 1890-இல் ஊத்தோவ் என்ற ஜேர்மன் கண் மருத்துவர் கவனித்தது இது. நிழலுக்கு வந்து, குளிர்தண்ணியில் ஒரு முழுக்கு முழுகி உடம்பு ஆறினால் பழையபடி வந்துவிடும். புதிய சேதம் எதுவும் நடக்கவில்லை. காய்ச்சலிலும் இப்படி வரும். ஆனால் உடம்பு ஆறிய பிறகும் ஒரு நாளுக்கு மேல் அப்படியே நின்றால், அல்லது முந்தி இல்லாத புதுக் குறி வந்தால், வெயில் என்று விட்டுவிடாமல் டொக்டரிடம் போங்கள்.

போன வருசம் ஒரு கண் மங்கி, நோவும் இருந்து, தானாச் சரியாப் போட்டுது. இப்ப கால் விறைக்குது. எம்.எஸ். தானோ?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனால் தானாகச் சரியானது என்று விடக்கூடிய கதை இது இல்லை. தணிந்துபோவதுதான் இந்த நோயின் சுபாவம் என்று முதல் பதிலிலேயே சொன்னேன். இங்கே கால் விறைக்க வேறு காரணங்கள் இதைவிட அதிகம். நெடுநாள் சீனி வருத்தம், மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்களில் பி12 குறைவு, முள்ளந்தண்டில் காசம் எல்லாம் உண்டு. அவற்றையும் பார்த்துத்தான் முடிவுக்கு வருவார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். கண்ணையும் முண்ணாணையும் தாக்கி எம்.எஸ். போலவே நடிக்கும் நியூரோமயலைற்றிஸ் ஒப்ரிக்கா என்ற நோய் உண்டு. ஆசியர்களில் அதன் பங்கு ஐரோப்பியரைவிடக் கூட. அக்குவாபோரின்-4 என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியை 2004-இல் கண்டுபிடித்த பிறகு அதை இரத்தப் பரிசோதனையிலேயே பிரிக்க முடிகிறது. எம்.எஸ்.-க்குக் கொடுக்கும் இன்ரர்பெரோன் போன்ற சில மருந்துகள் அந்த நோயை மோசமாக்கும். அதனால் பிழையான பெயரோடு சிகிச்சை தொடங்கக் கூடாது. பழைய கண் ரிப்போர்ட், ஸ்கான் படம், மருந்துத் துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

இ.பி.வி. நெகட்டிவ் எண்டு வந்தால் எம்.எஸ். இல்லையெண்டு நிச்சயமோ?

மேலே உள்ளதை வாசித்துவிட்டுக் கேட்டவர் ஒரு தாதி. இந்தப் பரிசோதனை ஒரு பக்கத்துக்கு மட்டும் ஏதோ சொல்லும். பொசிட்டிவ் என்பது எல்லோருக்கும் வருவது, அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நெகட்டிவ் அரிது. கவனமாகச் சோதித்தால் வளர்ந்த எம்.எஸ். நோயாளிகள் அநேகமாக எல்லோரிடமும் இ.பி.வி. இருக்கிறது என்பதால், உண்மையிலேயே நெகட்டிவ் என்றால் டொக்டர் வேறு நோயைத் திரும்ப யோசிப்பார். பிள்ளைகளில் இது இன்னும் பயன்படும். அவர்களுக்கு எம்.எஸ். போலத் தெரிவது பல வேளை மொக் என்ற புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரியால் வரும் வேறு நோயாக இருக்கும்.

ஆனாலும் எம்.எஸ்.-ஐ நிர்ணயிப்பது எம்.ஆர்.ஐ. படமும், நாரியில் ஊசி போட்டு எடுக்கும் மூளைமுண்ணாண் திரவமும், டொக்டரின் பரிசோதனையும்தான். வைரசுப் பரிசோதனை அந்த விதிகளில் இல்லை. நெகட்டிவ் என்பதிலும் ஒரு பொறி உண்டு. வைரசு தொற்றிய சிலருக்கு எப்னா பிறபொருளெதிரி உண்டாவதே இல்லை, அதை மட்டும் பார்த்தால் பிழையாக நெகட்டிவ் வரும். வைரசின் வெளியுறைப் புரதத்துக்கு எதிரான வி.சி.ஏ. ஐஜிஜி-யையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டும் நெகட்டிவ் என்றால் வேறொரு முறையில் இன்னொருதரம் செய்வித்து, இரண்டு ரிப்போர்ட்டையும் நரம்பியல் டொக்டரிடம் காட்டுங்கள்.